பேகனிடம் பரிசில் வேண்டாம் என்றவர்கள்

பேகன் என்றால் நமக்கெல்லாம் தெரிந்தது ஒன்றுதான், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். பள்ளிக்கூடத்தில் கடையெழு வள்ளல்கள் என்று ஒரு பாடம் வரும், பாரி முல்லைக்குத் தேர், பேகன் மயிலுக்குப் போர்வை, பொருத்துக, ஒரு மார்க், முடிந்தது. எங்கள் பக்கத்தில் அவன் சொந்த ஊர்க்காரன் வேறு. ஆவியர் குடித் தலைவன். அகநானூற்றின் முதல் பாட்டிலேயே பொதினி என்று ஒரு ஊர் வருகிறதே, அதுதான் இன்றைய பழனி என்கிறார்கள், அதற்கு மேலே தெரிகிற மலையெல்லாம் அவன் மலை. தாண்டிக்குடிப் பக்கம் காபிக் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்து நான் இதை எழுதுகிற இடமும் அவன் எல்லைக்குள் இருந்திருக்கலாம். வரி கேட்டு யாரும் வராதவரை சரி.

பாடப்புத்தகத்தில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. புறநானூற்றில் 143 முதல் 147 வரை வரிசையாக ஐந்து பாட்டு, ஐந்தும் இந்தப் பேகனைக் கண்டித்துத்தான். பாடியவர்கள் நாலு பேர்: கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார். பரணர் மட்டும் இரண்டு முறை. இவர்களில் யாரும் சின்னப் பெயர் இல்லை, அந்தக் காலத்தின் பெரிய கைகள். நாலு பேரும் சேர்ந்து ஒரு மலைத் தலைவனை ஏன் பிடித்துக் கொண்டார்கள் என்றால், அவன் தன் மனைவியை விட்டுவிட்டு வேறு ஊரில் வேறொருத்தி வீட்டுக்குத் தேரில் போய்வந்து கொண்டிருந்தான். மனைவி பெயர் கண்ணகி. சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு. இந்தப் பெயர்கூடப் பாட்டுக்குள் கிடையாது, பாட்டுக்குக் கீழே பின்னால் சேர்த்த குறிப்பில்தான் இருக்கிறது. 1894-இல் உ.வே.சா. அந்தக் குறிப்புகளோடு சேர்த்து அச்சில் கொண்டுவரவில்லை என்றால் அவள் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

ஒருத்தன் வீட்டுச் சமாச்சாரத்தில் புலவனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அப்படித்தான் ஒருவர் கேட்டார் (ஊர்ப்புற நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம், மழை பெய்தால் நாலு பேர், பெய்யாவிட்டால் ஆறு பேர்). எனக்கு இதில் குழப்பமே இல்லை. பேகனுக்கு அருளாளன் என்ற பெயரை வாங்கிக் கொடுத்ததே புலவர்கள்தான். அவன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததைப் பாடாமல் விட்டிருந்தால் அது காட்டில் நடந்து காட்டிலேயே போயிருக்கும். அந்தப் புகழ் இவர்கள் கையால் செய்தது, அதை வைத்துக்கொண்டு அவன் ஊரில் நல்லவனாகத் திரியும்போது வீட்டுக்குள் ஒருத்தி அழுதுகொண்டிருந்தால், கேட்கிற உரிமை செய்தவர்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

கபிலர் எப்படி ஆரம்பிக்கிறார் பாருங்கள். நேராகத் திட்டவில்லை. முதலில் அவன் நாட்டுக் குறவர்களைப் பாடுகிறார். மழை வேண்டும் என்று தெய்வத்துக்குப் பலி தூவிக் கும்பிடுகிறார்கள், மழை வந்து கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, பிறகு அதே குறவர்கள் போதும் சாமி, நிறுத்து என்று மறுபடி கும்பிடுகிறார்கள், மழை விட்டதும் சந்தோஷமாகச் சரிவில் விளைந்த தினையைச் சாப்பிடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் மலையில் ஒரு மாதம் இருந்து பார்த்தவர்களுக்கு இது கற்பனை இல்லை என்று தெரியும். பழம் சிவக்கிற நேரத்தில் அடைமழை பிடித்தால் காபிக்காரர்கள் எல்லாரும் இந்தக் குறவர்கள்தான். இப்படி மலையைப் பாடிவிட்டு, சட்டென்று ஒரு கேள்வி. பேகா, யார் அந்தப் பெண்? நேற்று ஒரு சின்ன ஊரில், எங்கள் சுற்றத்தார் பசியோடு இருந்ததால், ஒரு வாசலில் நின்று உன்னையும் உன் மலையையும் பாடினோம். கேட்டதும் ஒருத்தி அழ ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை, குழல் ஏங்குவது போல அழுதாள், யாரோ பாவம்.

யார் என்று கபிலருக்குத் தெரியாதா என்ன. தெரிந்துகொண்டே கேட்கிறார். தெய்வம்கூடப் பெய்யச் சொன்னால் பெய்கிறது, நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறது, இவள் கண்ணீரை நிறுத்த ஆள் இல்லை என்பதை அவனே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். கண்டன ஊர்வலம், மைக், தீர்மானம் எல்லாம் பார்த்துப் பழகிய நமக்கு இது ரொம்ப மிருதுவாகத் தெரியலாம். எனக்கென்னவோ அவையில் பத்துப்பேர் நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்ட பேகனுக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

பரணர் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. 145-ஆம் பாட்டில் அந்த மயில் கதையையே எடுத்து அவன்மேல் வீசுகிறார். மயில் குளிரில் நடுங்குமே என்று இரங்கிப் போர்வை கொடுத்த பேகனே என்று கூப்பிட்டுவிட்டு, அடுத்த வரி: "பசித்தும் வாரேம், பாரமும் இலமே." பசித்து வரவில்லை, எங்களுக்குத் தாங்க வேண்டிய குடும்பச் சுமையும் இல்லை, நாங்கள் கேட்கிற பரிசில் இதுதான், இன்று ராத்திரியே தேரில் ஏறு, துன்பத்தில் இருக்கிறவள் துயரத்தைப் போய்த் தீர். மயிலுக்கு இரங்கினாயே, மனுஷிக்கு இரங்க மாட்டாயா என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. (இன்றைக்கு அடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் போய் மயிலுக்குப் போர்வை என்று பேச்செடுத்தால் காய்கறி போட்டிருக்கிற விவசாயிகள் அடிக்க வருவார்கள். அது தனிக்கதை.)

அரிசில் கிழாரும் அதையேதான் சொல்கிறார், உன் நகையும் செல்வமும் எனக்கு வேண்டாம், எனக்குப் பரிசில் கொடுக்க ஆசையிருந்தால் குதிரையைத் தேரில் பூட்டு என்கிறார். பெருங்குன்றூர் கிழார், எண்ணெயே காணாத அவள் கூந்தல் கழுவிப் பூச்சூடும்படி நீ இன்று கிளம்பினால் அதுவே எங்கள் பரிசில் என்று முடிக்கிறார். புலவர்கள் பரிசில் வாங்கிப் பிழைக்கிறவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நாலு மலை ஏறி இறங்கி, யாழைத் தூக்கிக்கொண்டு, பின்னால் பசித்த கூட்டத்தோடு வருகிறார்கள். வந்த இடத்தில் கொடுக்கிறதை வேண்டாம் என்கிறார்கள். அந்த வேண்டாம்தான் பாட்டுக்கு முதுகெலும்பு. கையை நீட்டிக்கொண்டே இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் அது ஆலோசனை, கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம்.

இதே மலைத்தொடரில் இன்னொரு வேண்டாமும் இருக்கிறது. கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவன், அந்தக் கோடைமலைதான் நம் கொடைக்கானல் மலை என்று சொல்கிறார்கள், அவனைப் பார்த்துப் பெருந்தலைச் சாத்தனார் பாடியது புறம் 205. எடுத்த எடுப்பிலேயே, செல்வம் நிறைந்த மூவேந்தராகவே இருந்தாலும் விருப்பம் இல்லாமல் கொடுப்பதை நாங்கள் விரும்ப மாட்டோம் என்று அறிவிப்பு. அப்புறம் அவன் படை, அவன் வேட்டை நாய் என்று கொஞ்சம் புகழ்ச்சி. நோயில்லாமல் நல்லா இரு என்று ஒரு வாழ்த்து. அந்த வாழ்த்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், நம் ஊரில் கோபமாக இருக்கும்போது "நல்லா இருங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்களே, அந்தத் தொனி.

பாரதியை இங்கே இழுக்கப் போவதில்லை. கவிதை, சமூகம், விடுதலை என்று யார் பேச்சை ஆரம்பித்தாலும் மூன்றாவது நிமிஷத்தில் அவர் வந்துவிடுகிறார், அவருக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்.

போர்வை விஷயத்துக்கு வருகிறேன். மயிலுக்குக் கொடுத்த போர்வை இப்போது பொன்னாடையாகி எங்களுக்கு வருகிறது. கொஞ்ச காலம் முன்னால் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். கவியரங்கம், தலைப்பு சமூக நீதி. ரொம்ப நல்ல தலைப்பு. முந்தின நாள் ராத்திரி போன் வந்தது, மேடம், உங்கள் கவிதைக்கு முன்னால் சிறப்பு விருந்தினரைப் பற்றி எட்டு வரி வாழ்த்து மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லாரும் சேர்க்கிறார்கள், பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் உண்டு. முடியாது என்றேன். சரிங்க மேடம் என்று ரொம்ப மரியாதையாக வைத்துவிட்டார்கள், அதோடு என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை, அடுத்தடுத்த பட்டியல்களிலும் இல்லை.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் வருகிறது, கணக்கெழுதுகிற வேலை, அதற்கும் கவிதைக்கும் ஒட்டும் உறவும் கிடையாது. நான் முடியாது என்று சொன்னதும் பரணர் வேண்டாம் என்று சொன்னதும் ஒன்றல்ல. அதே மேடையில் எட்டு வரி வாழ்த்து வாசித்த ஒருவரை எனக்குத் தெரியும், நன்றாக எழுதுகிறவர், அவர் பையனுக்கு ஒரு சேர்க்கைக்குச் சிபாரிசுக் கடிதம் தேவைப்பட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கவிதை எழுதுகிறவர்களுடைய சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அவர்கள் வீட்டு அரிசி எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், இதை யாரும் பேசுவதில்லை.

ஔவையார் பேசியிருக்கிறார். புறம் 206. அதியமான் வாசலில் காக்க வைக்கப்பட்டபோது வாயில் காவலனைப் பார்த்துப் பாடியது. அந்த அதியமான் நெடுமான் அஞ்சிக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத் தெரியாதா என்று கேட்டுவிட்டு, அறிவும் புகழும் உள்ளவர்கள் செத்துப்போய் உலகம் ஒன்றும் காலியாகிவிடவில்லை என்கிறார். யாழ் எல்லாம் காவடியில் ஏற்றியாகிவிட்டது, மூட்டையும் கட்டியாகிவிட்டது. மரம் வெட்டுகிற தச்சனின் கைத்தொழில் தெரிந்த பிள்ளைகள் கோடாலியோடு காட்டுக்குள் போனால் எந்தப் பக்கமும் அவர்களுக்கு வேலைதான், அதுபோல "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே." எனக்கு இந்தப் பாட்டில் பிடித்ததே அந்தத் தச்சன் பிள்ளைகள்தான். கவித்துவம், ஞானம், அருள் என்று எதையும் ஔவை சொல்லவில்லை. கோடாலி என்கிறார். கையில் தொழில் இருக்கிறது, கிளம்புகிறேன். பேகன் மனைவிக்குக் கிளம்ப ஒரு மூட்டை இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம்.

கையில் தொழில் இருந்தும் கிளம்ப முடியாதவர்களும் இருக்கிறார்களே. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்குக் காபிப் பழம் பறிக்க வருகிற அக்கா ஒருவர் இருக்கிறார். மார்கழி தையில் அவர் பாட்டு கேட்காத நாள் கிடையாது. சினிமாப் பாட்டு இல்லை, சொந்தமாகக் கட்டுவார், பழைய மெட்டு எதிலாவது அன்றைய செய்தியை ஏற்றிவிடுவார். ஒரு வருஷம் எடை போடுகிற இடத்தில் தகராறு. ஒவ்வொரு சாக்கிலும் கொஞ்சம் குறைகிறது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் காட்டுக்குள்ளிருந்து வந்த பாட்டு:

மூட்டை கட்டித் தூக்கையிலே முதுகொடிஞ்சு போகுதடி
மேஸ்திரியார் தராசுல தான் மூணு கிலோ காணலடி

பின்னாலேயே நாலு பெண்கள் சேர்ந்துகொண்டு காணலடி காணலடி என்று இழுப்பார்கள். மேஸ்திரி வரப்பு திரும்பி இந்தப் பக்கம் வந்தால், மெட்டு அப்படியே இருக்கும், இரண்டாவது அடி மட்டும் மாறும்:

மேஸ்திரியார் தராசுல தான் முருகன் வந்து குந்துறாண்டி

பழனி மலை முருகன், யாரும் தப்பு சொல்ல முடியாது. மேஸ்திரிக்கும் தெரியும், அவரும் சிரித்துக்கொண்டே போவார், சிரிக்காமல் போனால் பாட்டு தன்னைப் பற்றித்தான் என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். தராசு சரியானதா என்றால், இல்லை. அந்த வருஷம் முழுக்க அதே தராசுதான். அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன், பாடி என்னக்கா ஆச்சு? "பாடாம பறிச்சா எனக்கு மட்டும் வலிக்கும் கண்ணு, பாடிட்டுப் பறிச்சா அவனுக்கும் கொஞ்சம் வலிக்குமில்ல" என்றார். பரணர் அளவுக்கு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வசதி கிடையாது, அந்தக் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது. ஆனால் தராசில் குறைந்தது குறைந்ததுதான் என்று ஒரு காடு கேட்கச் சொல்லிவிட்டார். அந்த வாரம் சந்தையில் மேஸ்திரியைப் பார்த்து யாரோ ஒரு சின்னப் பையன் முருகா என்றானாம்.

சித்தர்களை இங்கே சொல்லாமல் விட முடியாது, அதுவும் பழனி மலையில். போகர் சமாதி அங்கே கோயிலுக்குள்ளேயே இருக்கிறது, மூலவர் சிலையை நவபாஷாணத்தில் செய்தவர் அவர் என்று நம்பிக்கை. ஆனால் எனக்குப் படியேறும்போதெல்லாம் ஞாபகம் வருவது சிவவாக்கியர். நட்ட கல்லைச் சுற்றிவந்து முணுமுணுக்கிற மந்திரம் எதற்கடா, "நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்" என்று கேட்டவர். காவடி தூக்கிக்கொண்டு போகிற கூட்டத்தில் இந்த வரியை மனசுக்குள் சொல்லிக்கொண்டே நானும் படியேறியிருக்கிறேன், இரண்டும் எனக்குள் சண்டை போட்டதில்லை. கவனிக்க வேண்டியது அந்த "டா". சங்கப் புலவர் கண்டிக்கும்போதுகூடக் கடுமான் பேக என்று அடைமொழியோடுதான் கூப்பிட வேண்டியிருந்தது. சித்தருக்குப் புரவலன் கிடையாது, பரிசில் கிடையாது, ஆகவே அடைமொழியும் கிடையாது. சாதியைக் கேட்டாலும் சாமியைக் கேட்டாலும் ஏதடா, எங்கடாதான். வாசலில் போய் நிற்காதவனுக்கு வருகிற மொழி அது.

மேலே கொடைக்கானலில் நம் காலத்திலேயே நடந்த ஒன்று இருக்கிறது. ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசத்தோடு வேலை. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடந்ததை மக்கள் கண்டுபிடித்து, 2001-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் உடம்பு கெட்டுப் போய் நியாயம் கேட்டு அலைந்தார்கள், நீதிமன்றம் போனார்கள், வருஷங்கள் ஓடின. 2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற பெண் ஓர் அமெரிக்கப் பாட்டின் மெட்டில் ஆங்கிலத்தில் ஒரு ராப் பாடி இணையத்தில் விட்டார், லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள், அடுத்த மார்ச்சில், 2016-இல், 591 முன்னாள் தொழிலாளர்களோடு அந்த நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

பாட்டு ஜெயித்தது என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பதினைந்து வருஷம் பஸ் ஏறி இறங்கி, மருத்துவச் சான்றிதழும் மனுவும் கையில் வைத்துக்கொண்டு நின்ற தொழிலாளர்கள் ஜெயித்தார்கள், பாட்டு அவர்கள் குரலுக்குக் கடைசியில் ஒரு ஒலிபெருக்கி கட்டியது. ஒலிபெருக்கி தேவையில்லாததும் இல்லை. மலையில் பாதிப் பேருக்கு அந்த ஆங்கிலம் புரியவில்லை, ஆனால் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி ஒரு பெண் விரலை நீட்டிப் பாடுகிறாள் என்பது புரிந்தது. மண்ணில் கிடக்கிற பாதரசத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில் வெள்ளைக்காரன் ஊருக்கு ஒரு அளவு, நமக்கு ஒரு அளவா என்ற கேள்வியோடு 2018-இல் கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்து இரண்டாவது பாட்டு வந்தது. முதல் பாட்டை விட எனக்கு அதுதான் பிடிக்கும். கூட்டம் கலைந்த பிறகு திரும்பி வந்து மறுபடி கேட்கிறவர்கள் குறைவு.

இவ்வளவு பேசியும் பேகன் மனைவி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். இதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நாலு புலவர்களும் கேட்டது என்ன? நீ திரும்பிப் போ என்று. நல்ல மனசுதான், ஆனால் அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டார்களா? அவள் அழுகிறாள், கூந்தலுக்கு எண்ணெய் இல்லை, பூ இல்லை, இதெல்லாம் இவர்கள் பார்த்துச் சொல்வது. கண்டிக்கிறவர்களுக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிற பெண்ணைக் கண்டனத்துக்குக் காரணமாக வைத்துக்கொள்வார்கள், பேச விட மாட்டார்கள் என்று வட்டத்தில் நான் கொஞ்சம் சூடாகவே பேசிக்கொண்டிருந்தேன்.

பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் எங்கள் கூட்டத்துக்கு வருவாள். அதிகம் பேச மாட்டாள். அன்றைக்குப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, 144-ல அவளே பேசுறாளே" என்றாள்.

ஆமாம், பேசுகிறாள். பரணரின் முதல் பாட்டு அது. சாயங்காலம் யாழில் செவ்வழிப் பண் வாசித்து மலைக் காட்டைப் பாடுகிறார்கள், ஒருத்தி அழுகிறாள், அம்மா நீ எங்கள் பேகனுக்கு உறவா என்று கும்பிட்டுக் கேட்கிறார்கள். காந்தள் மொட்டு மாதிரி விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்: "யாம் அவன் கிளைஞரேம் அல்லேம்." நாங்கள் அவனுக்கு உறவில்லை. இன்னும் கேள், எம்போல் ஒருத்தியின் அழகுக்கு ஆசைப்பட்டுப் பேகன் தினமும் சத்தத்தோடு தேரில் முல்லைவேலி ஊருக்கு வருகிறானாம், சொல்கிறார்கள்.

இதைப் படித்திருக்கிறேன், உரையோடு படித்திருக்கிறேன், ஊடல், கோபம், வேதனையில் சொன்னது என்றுதான் மனசில் பதிந்திருந்தது. அந்தப் பெண் சொன்ன பிறகு பார்த்தால், ஐந்து பாட்டிலும் பேகனுக்கு அடைமொழி போட்டுக் கூப்பிடாத ஒரே குரல்... இல்லை, அவளும் ஒரு அடைமொழி போடுகிறாள். "வயங்குபுகழ்ப் பேகன்." புகழ் விளங்குகிற பேகன். வேறொருத்தி வீட்டுக்கு வருகிற வரியில் அந்தப் புகழை வைக்கிறாள் பாருங்கள், கபிலருக்கும் பரணருக்கும் மேலே போய்விட்டாள் என் கணக்கில். எம்போல் ஒருத்தி என்கிறாள், அந்த இன்னொருத்தி மேல் ஒரு வசவுகூட இல்லை. உறவில்லை என்று முதலில் அறுத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறாள். புலவர்கள் பரிசிலைத்தான் வேண்டாம் என்றார்கள், இவள் அவனையே வேண்டாம் என்கிறாள். அந்த ஒரு மூச்சில் அவள் யாருடைய மனைவியும் இல்லை. அடுத்த மூச்சில் மறுபடி அழுதிருப்பாள், சாப்பாட்டுக்கு அவன் ஊரைத்தான் நம்பியிருந்திருப்பாள், அதெல்லாம் தெரியும். அக்காவின் பாட்டுக்குப் பிறகும் தராசு அப்படியேதான் இருந்தது.

பேகன் திரும்பிப் போனானா என்று புறநானூறு சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண் ஒரு கவிதை எழுதிக்கொண்டு வந்தாள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில்.

தேர் வரும் சத்தம் கேட்டது.
விளக்கை அணைக்கவில்லை, ஏற்றவும் இல்லை.
தினை புடைத்துக்கொண்டிருந்தேன்.
முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினேன்.

வாசித்து முடித்ததும் எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், உரையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருப்பார், அவர் கொஞ்சம் நெளிந்தார். பாட்டு நன்றாக இருக்கிறதம்மா, ஆனால் அந்தக் காலத்துத் தலைவி இப்படிச் சொல்ல மாட்டாள், கடைசி வரியில் ஒரு தயக்கமாவது வை, கதவு வரைக்குமாவது அவள் வரட்டும் என்றார். நான் எதிர்த்துப் பேச வாயெடுத்தேன், அதற்குள் அவளே, "யோசிக்கிறேன் சார்" என்றாள். அரைமணி நேரம் இதிலேயே வாதம் ஓடியது, தினை புடைக்கிறவள் தலைவியா இல்லை வேலைக்காரியா என்பது வரைக்கும் போனது, மலைத் தலைவன் வீட்டில் யார் புடைப்பார்கள் என்று யாருக்கும் முடிவாகச் சொல்லத் தெரியவில்லை. யோசித்துவிட்டு அடுத்த முறை வந்தாள், ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

எனக்கு அப்போது கவிஞர் சல்மா ஞாபகம் வந்தார். துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்டவர், கல்யாணத்துக்குப் பிறகும் மறைத்து மறைத்து எழுதி, புனைபெயரில் வெளியே அனுப்பியவர். 2000-இல் முதல் தொகுப்பு, அடுத்த வருஷமே உள்ளாட்சித் தேர்தலில் நின்று பேரூராட்சித் தலைவர். வெளியே தெரிந்தது அந்தப் பெயர், உள்ளே இருந்தது வேறு பெயர். தனி மனுஷியின் விடுதலைக்குக் கவிதை ஒரு வழி என்று சொன்னால், அந்த வழியில் இப்படிப் பெயரை மாற்றிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. இந்தக் கதையை அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன், புத்தகத்தையும் கொடுத்தேன். நூலகத்திலேயே வைத்துப் படிக்கிறாள், வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

அவள் கவிதையை இங்கே போடலாமா என்று கேட்டேன். போடுங்கள் அக்கா என்றாள். பெயர் மட்டும் வேண்டாம், வீட்டில் போனை வாங்கிப் பார்ப்பார்கள்.